ஆலோசனை சொல்ல ஆள் இருக்கிறது, பிரச்சினை கொண்டுவர ஆளில்லை

கேள்வி: நான் ஒரு சிறிய அச்சகம் நடத்துகிறேன். வெவ்வேறு சிறுதொழில் செய்யும் எட்டுப் பேரைச் சேர்த்து, மாதம் இருமுறை கூடும் மாஸ்டர்மைண்ட் குழு (ஒருவர் தொழில் சிக்கலுக்கு மற்றவர்கள் சேர்ந்து வழி தேடும் குழு) ஒன்றைத் தொடங்கினேன். ஆரம்பத்தில் உற்சாகமாக இருந்தது. இப்போது பாதிப் பேர் வருவதில்லை. வருபவர்களில் இருவரே முழு நேரமும் பேசுகிறார்கள். இன்னொருவர் தன் சரக்கை மற்றவர்கள் தலையில் கட்டப் பார்க்கிறார். இதற்கிடையில் வேறொரு அச்சக உரிமையாளர் சேர்ந்துகொள்ளவா என்று கேட்கிறார். சேர்க்கலாமா, அல்லது குழுவையே கலைத்துவிடலாமா?

பதில்: கலைப்பதைப் பற்றி அப்புறம் பார்ப்போம். யார் வரவில்லை, யார் அதிகம் பேசுகிறார்கள், யார் விற்கிறார் என்றெல்லாம் எழுதியிருக்கிறீர்கள். கடைசியாகக் கூடியபோது யாருடைய எந்தப் பிரச்சினையைப் பேசினீர்கள் என்பது மட்டும் கடிதத்தில் இல்லை. அப்படி எதுவும் பேசப்படவில்லை என்றே எனக்குப் படுகிறது. எடுத்துக்கொள்ள விஷயம் இல்லாத கூட்டத்தில் வாய் உள்ளவர் பேசுவார், சரக்கு உள்ளவர் விற்பார், வேலை உள்ளவர் வராமல் இருந்துவிடுவார். நீங்கள் சொல்லும் மூன்று குறைகளுக்கும் வேர் ஒன்றுதான்.

அதனால் கூட்டம் நடக்கும் முறையை மாற்றுங்கள். ஒரு கூட்டத்தில் ஒருவர், அவருடைய ஒரு சிக்கல். ‘ஹாட் சீட்’ என்று இந்தக் குழுக்களில் சொல்வார்களே, அதுதான். அன்று உட்காரப்போகிறவர் இரண்டு நாள் முன்பே அரைப் பக்கம் எழுதி எல்லோருக்கும் அனுப்பிவிட வேண்டும்: என்ன சிக்கல், இதுவரை என்ன செய்து பார்த்தார், கணக்கு என்ன சொல்கிறது, குழுவிடம் எதைக் கேட்கிறார். எழுத உட்காரும்போதே பாதி தெளிந்துவிடும். எழுதி அனுப்பாதவருக்கு அந்தத் தடவை இடமில்லை.

கூட்டத்தில் அவர் பத்து நிமிடம் விளக்கட்டும். பிறகு இருபது நிமிடம் கேள்விகள் மட்டும். ஆலோசனை கூடாது. ‘ஏன் இப்படிச் செய்து பார்க்கக் கூடாது?’ என்பது கேள்விக்குறி போட்ட ஆலோசனை, அதுவும் கூடாது. இந்த இருபது நிமிடத்தைக் காப்பதுதான் குழு நடத்துபவரின் வேலை. மற்றதெல்லாம் நாற்காலி போடுவது மாதிரிதான்.

மரச்சாமான் செய்யும் ஒருவர், ‘ஆர்டர் போதவில்லை, விளம்பரத்துக்குச் செலவழிக்கலாமா?’ என்று கேட்பதாக வைத்துக்கொள்வோம். வழக்கமான கூட்டத்தில் ஆளுக்கொரு விளம்பர வழி சொல்வார்கள், அவரும் நன்றி சொல்லிவிட்டுப் போவார். கேள்வி மட்டுமே கேட்கலாம் என்றால் யாராவது ஒருவர், ‘போன மாதம் எத்தனை பேர் விலை விசாரித்தார்கள்? எத்தனை பேருக்கு அன்றே பதில் கொடுத்தீர்கள்?’ என்று கேட்பார். விலை சொல்லவே ஒரு வாரம் ஆகிறது என்று அங்கே வெளிவந்தால், விளம்பரப் பேச்சு தானாக ஒதுங்கிவிடும். 1940களில் பிரிட்டனின் தேசிய நிலக்கரி வாரியத்தில் கல்விப் பொறுப்பில் இருந்த ரெக் ரெவன்ஸ் வலியுறுத்தியது இதைத்தான். சுரங்க மேலாளர்கள் வெளி நிபுணர்களை எதிர்பார்ப்பதைவிட, ஒருவர் சிக்கலை மற்றவர் கேள்வி கேட்டுத் துருவுவதில் அதிகம் கற்பார்கள் என்றார்.

கேள்விகள் முடிந்தபின் மற்றவர்கள் பேசலாம். அப்போதும், ‘எனக்கு இப்படி வந்தது, இதைச் செய்தேன், இப்படி ஆனது’ என்று சொந்த அனுபவத்தை மட்டும். அனுபவம் இல்லாதவர் சும்மா இருக்கலாம். இதிலேயே உங்கள் இரண்டு பேச்சாளர்களும் பாதி அடங்கிவிடுவார்கள். போதாவிட்டால் ஒருவரிடம் நேரம் பார்க்கும் பொறுப்பையும் இன்னொருவரிடம் குறிப்பெடுக்கும் பொறுப்பையும் கொடுங்கள். கடைசியாக, ஹாட் சீட்டில் இருந்தவர் எதை எந்தத் தேதிக்குள் செய்யப்போகிறார் என்று சொல்ல வேண்டும். அடுத்த கூட்டம் அதைக் கேட்டுத்தான் தொடங்க வேண்டும்.

விற்பவரிடம் தனியாகப் பேசுங்கள். குழுவுக்குள் விற்பனை இல்லை, யாருக்காவது தேவை என்றால் அவர்களே வெளியே வந்து கேட்பார்கள் என்று சொல்லிவிடுங்கள். சொன்னதை அவர் கேட்காவிட்டால் அனுப்பிவிடலாம். இதில் தயங்க வேண்டாம்.

அச்சக நண்பரைச் சேர்க்காதீர்கள். அவர் இருக்கும் இடத்தில் உங்களால் லாபக் கணக்கை விரித்துப் பேச முடியாது, அவராலும் முடியாது. ஒரே தொழிலில் போட்டியாளர்கள் உட்கார்ந்து விலை பேசுவது பல நாடுகளில் போட்டிச் சட்டத்தின் கீழ் குற்றமாகவும் ஆகலாம். வேண்டுமானால் அவரே தனியாக ஒரு குழு தொடங்கட்டும். பெஞ்சமின் பிராங்க்ளின் 1727இல் பிலடெல்பியாவில் தொடங்கிய ஜன்டோ என்ற விவாதக் குழுவிலும் புதியவர்களைச் சேர்க்கும் பேச்சு எழுந்தது. பன்னிரண்டு பேருக்கு மேல் வேண்டாம் என்பது அவர்கள் கணக்கு. நண்பர்களைச் சேர்க்க உறுப்பினர்கள் விரும்பியபோது, ஆளுக்கொரு தனிக் குழு தொடங்குங்கள் என்றார் பிராங்க்ளின். அடித்துப் பேசுகிறவர்களுக்கும் நேருக்கு நேர் மறுக்கிறவர்களுக்கும் அங்கே சிறு அபராதம்கூட உண்டு! உங்கள் குழுவுக்கு ஐந்திலிருந்து எட்டுப் பேர் போதும்.

முதல் ஹாட் சீட்டில் நீங்கள் உட்காருங்கள். நல்லபடியாகப் போகும் விஷயத்தை எடுத்துவர வேண்டாம். வராத பாக்கி, நஷ்டத்துக்கு ஓட்டும் ஒரு வாடிக்கையாளர், கடன் தவணை என்று வெளியே சொல்லக் கூசும் ஒன்றை எண்களோடு கொண்டுவாருங்கள். நடத்துபவரே திறக்காத கணக்கை மற்றவர்கள் திறக்க மாட்டார்கள். அதற்கு முன், இங்கே கேட்டது வெளியே போகாது என்று எல்லோரிடமும் வாய்விட்டுச் சம்மதம் வாங்கிவிடுங்கள்.

வராதவர்களை ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டு, புது முறையைச் சொல்லி, எந்தத் தேதியில் ஹாட் சீட்டுக்கு வருகிறீர்கள் என்று கேளுங்கள். தேதி சொல்பவர் இருக்கட்டும், ‘பார்க்கலாம்’ என்பவரை விட்டுவிடுங்கள். நான்கு பேர் தேதி கொடுத்தால் குழு நடக்கும். அதுவும் தேறாவிட்டால் கலைத்துவிட்டு, தேதி கொடுத்தவர்களோடு மட்டும் புதிதாகத் தொடங்குங்கள்.