பவுடர் கோட்டிங்கில் தின்னரே இல்லை, பிறகு எப்படித் தீப்பிடிக்கும்?

கேட்டவர் பேலியகொடையில் யன்னல் கிறில்களுக்குப் பவுடர் கோட்டிங், அதாவது மின்னேற்றிய பெயின்ட் மாவைத் தூவிச் சூட்டில் இறுக்கும் வேலை, செய்யும் சிறிய வேலைத்தலம் ஒன்றைத் தொடங்கப்போகிறார். தின்னர் வாசனையே இல்லாத இந்த வேலையில் தீ விபத்துக்கு எங்கே இடம், பாதுகாப்புக்கென்று முதலில் எதற்குச் செலவழிக்க வேண்டும் என்று கேட்கிறார்.

ஒருகொடவத்தைப் பக்கம் இதே வேலையில் 16 வருடங்கள் இருந்தவன் நான். தீக்கு இடம் தாராளமாக இருக்கிறது. முதற்செலவைக் கிறில்களைத் தொங்கவிடும் கொக்கிகளுக்குச் செய்யுங்கள்.

தின்னர் ஆவியைப்போல் பவுடர் சட்டென்று பற்றாது என்பது உண்மைதான். ஆனால் அது எபொக்சி, பொலியெஸ்டர் பிசினை மாவாக அரைத்தது. தரையில் குவியலாகக் கிடந்தால் மெதுவாகக் கருகும். காற்றில் மேகமாக நிற்கும்போது ஒரு பொறி போதும், அத்தனை துகளும் ஒரே கணத்தில் எரியும். அடைத்த இடமென்றால் அதுவே வெடிப்பு. சீனாவின் குன்ஷானில் 2014 ஓகஸ்ட் 2ஆம் திகதி கார்ச் சில்லுகளை மெருகூட்டும் தொழிற்சாலையில் வெடித்தது அலுமினியத் தூசு. 146 பேர் இறந்தார்கள். வெள்ளிப் பளபளப்புக்காக அலுமினியத் துகள் கலந்து வரும் பவுடரிலும் கூடுதல் கவனம் வேண்டும்.

கொக்கிக்கு வருகிறேன். புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் ஒருநாள் தொங்கிக்கொண்டிருந்த கிறிலைத் தொட்டுவிட்டுக் கையை உதறினார். "இது எப்போதும் சுள்ளென்று அடிக்கும் அண்ணா" என்று சாதாரணமாகச் சொன்னார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. கொக்கியைக் கழற்றினேன். பென்சில் தடிப்பில் இருக்க வேண்டிய கம்பி பெருவிரல் அளவுக்குப் பருத்திருந்தது. கத்தியால் சீவினால் வெள்ளை, கறுப்பு, மண்ணிறம், மறுபடி வெள்ளை என்று வெங்காயத்தைப்போல் அடுக்கடுக்காக வந்தது. ஒவ்வொரு தடவையும் கிறிலோடு சேர்ந்து 180, 200 பாகையில் வெந்து இறுகிய பவுடர் அது. மின்சாரத்தைக் கடத்தாது.

பவுடரை மின்னேற்றித் தூவும் கன்னின் முனையில் 60 முதல் 100 கிலோவோல்ட் வரை இருக்கும். அந்த மின்னேற்றம் கிறிலிலிருந்து கொக்கி வழியாக, அது மாட்டியிருக்கும் தண்டவாளத்துக்கும், அங்கிருந்து நிலத்துக்கும் போய்விட வேண்டும். வழி அடைபட்டால் கிறிலிலேயே தேங்கி நிற்கும், யாராவது கிட்டப் போனால் பொறியாகப் பாயும். தம்பியின் விரலில் பாய்ந்தது பவுடர் மேகத்துக்குள் பாய எவ்வளவு நேரம்? கிறிலுக்கும் நிலத்துக்கும் இடையிலான தடை 1 மெகா ஓமைத் தாண்டக் கூடாது. சாதாரண மல்டிமீட்டரை நம்பாதீர்கள். 500 அல்லது 1000 வோல்ட்டில் சோதிக்கும் இன்சுலேஷன் டெஸ்டரால் அளக்க வேண்டும். கன் பிடிப்பவருக்கும் இதே ஏர்த் தேவை. முழு இறப்பர் கையுறையும் இறப்பர்ச் செருப்பும் அவரையே மின்னேற்றம் தேங்கும் பொருளாக்கிவிடும்.

கொழும்பின் ஈரக்காற்றில் இதெல்லாம் வராது என்று சிலர் சொல்வார்கள். கன்னே மின்னேற்றத்தை உண்டாக்கிக்கொண்டிருக்கும்போது ஈரக்காற்று எந்தக் காவலும் இல்லை.

அடுத்தது பூத்திலிருந்து, அதாவது பவுடர் தூவும் கூண்டிலிருந்து, காற்றை உறிஞ்சும் விசிறி. 2022 மின்வெட்டுக் காலத்தில் ஒரு வேலைத்தலத்துக்கு உதவிக்குப் போனேன். ஜெனரேட்டர் சிறியது என்று கொம்ப்ரஸரையும் கன்னையும் மட்டும் ஓட்டி, விசிறியை நிறுத்தி வைத்திருந்தார்கள். பூத்துக்குள் எதிரே நின்றவர் முகம் மங்கலாகத்தான் தெரிந்தது. அன்று எதுவும் நடக்காதது அவர்கள் அதிர்ஷ்டம். பவுடரின் வெடிப்பு எல்லை, அதாவது காற்றில் எவ்வளவு சேர்ந்தால் வெடிக்கும் என்ற அளவு, தெரியாவிட்டால் ஒரு கன மீற்றர் காற்றில் 10 கிராமுக்கு மேல் போகவிடக் கூடாது என்பதே நியதி. உங்கள் கன் நிமிடத்துக்கு 200 கிராம் தூவினால், விசிறி நிமிடத்துக்கு 20 கன மீற்றர் காற்றையாவது இழுக்க வேண்டும். விசிறி நின்றால் கன் தானாகவே நிற்கும்படி இணைப்புக் கொடுக்கச் சொல்லி எலக்ட்ரீஷியனிடம் கண்டிப்பாகக் கேளுங்கள். இதை ஆளின் ஞாபகத்தில் விடாதீர்கள்.

பூத்துக்கு வெளியே தேங்கும் தூசையும் பாருங்கள். டியூப் லைட் மூடி, கூரைச் சட்டத்தின் மேற்புறம், மின்பெட்டிக்குப் பின்புறம் எல்லாம் டோர்ச் அடித்துப் பார்க்க வேண்டும். தூசுக்குக் கீழே பரப்பின் நிறம் தெரியவில்லை என்றால் நாள் தாண்டிவிட்டது. முதல் வெடிப்பு சிறிதாக இருந்தாலும், அதன் அதிர்வில் இந்தத் தூசு உதிர்ந்துதான் பெரிய வெடிப்பு வரும். ஆனால் கொம்ப்ரஸர் காற்றால் ஊதிச் சுத்தம் செய்யாதீர்கள், தும்புத்தடியால் வேகமாகக் கூட்டவும் வேண்டாம். இரண்டுமே நீங்களாகவே மேகத்தை எழுப்புவதுதான். எரியும் தூசுக்கென்று வரும், ஏர்த் செய்த வாக்குவம் கிளீனர்தான் சரி. வீட்டில் பாவிப்பதன் மோட்டார் உள்ளேயே பொறி தட்டும்.

கொக்கியில் படிந்ததைக் கேஸ் டோர்ச்சால் எரித்து எடுப்பது நம்மவர் வழக்கம். அதைப் பூத்துக்குப் பக்கத்தில் செய்ய விடாதீர்கள், புகையும் நச்சு. நாங்கள் இரண்டு தொகுதி கொக்கிகள் வைத்திருந்தோம். ஒன்று தண்டவாளத்தில் தொங்கும்போது மற்றது படிவு நீக்கும் இரசாயனத் தொட்டியில் ஊறும். திங்கட்கிழமை காலையில் கிறில் தொடும் வளைவையும் தண்டவாளம் தொடும் வளைவையும் அரத்தால் ஒரு தடவை தேய்த்து, வெறும் இரும்பு மின்னுகிறதா என்று பார்த்த பிறகுதான் மாட்டுவோம்.