புயலுக்குப் பின் தனுஷ்கோடியை ஏன் மீண்டும் கட்டவில்லை?

புயல் அழித்தது, அரசு கைவிட்டது என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்த ஊர் எதற்காக இருந்தது என்பதில்தான் விடை இருக்கிறது.

1914-இல் பாம்பன் ரயில் பாலம் திறந்ததும், சென்னையிலிருந்து வரும் போட் மெயில் ரயில் தனுஷ்கோடியில் வந்து நின்றது. அங்கிருந்து கப்பலில் தலைமன்னார், பிறகு ரயிலில் கொழும்பு. சுங்க அலுவலகம், தபால் நிலையம், பள்ளி, தேவாலயம் எல்லாம் இந்தப் போக்குவரத்தை நம்பி மணல் திட்டில் எழுந்தவை. விளைநிலம் என்று சொல்ல எதுவுமில்லை. மீன்பிடித்தலை விட்டால் பிழைப்பே கப்பலும் ரயிலும்தான்.

1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில், ஊரை நெருங்கிய பயணிகள் ரயிலைக் கடல் இழுத்துச் சென்றது. நூறு பேருக்கு மேல் அதிலேயே போனார்கள். சேதமடைந்த பாம்பன் பாலத்தை 46 நாட்களில் சீரமைத்தார்கள். ஆனால் தனுஷ்கோடிப் பாதையைப் புதுப்பிக்கவில்லை. கப்பல் ராமேஸ்வரத்திலிருந்தே புறப்படத் தொடங்கியது. வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது உண்மைதான். ஆனால் ஊரின் பிழைப்பு இடம் மாறியதே பெரிய அடி என்பேன்.

மீனவர்கள் மட்டும் அங்கேயே தங்கிவிட்டார்கள். மணலில் சில அடி தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறுகிறது, இருபுறமும் கடல் இருந்தும். தேவாலயச் சுவரை அருகே போய்ப் பாருங்கள்: பவளப்பாறைக் கற்கள், துளைத்துளையாக.