1993 மாருதி வேன் வாங்கலாமா? மொதல்ல காலடி மேட்டைத் தூக்கிப் பாருங்க

கடலூர் மஞ்சக்குப்பத்துல இருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கார். சின்ன வயசுல அப்பா வெச்சிருந்த வெள்ளை மாருதி வேன்ல வீடே கெளம்பி வேளாங்கண்ணி போவாங்களாம், சித்தப்பா பசங்க சித்தி பசங்கன்னு பின்னாடி அடைச்சுக்கிட்டு, முன்சீட்டு சூட்டுல யாரு உக்கார்றதுன்னு சண்டை வேற. இப்போ புதுச்சேரி முத்தியால்பேட்டையில 1993 மாடல் வேன் ஒண்ணு அதே வெள்ளையில கண்ணுல பட்டிருக்கு, பிஒய் 01 நம்பர், ஆர்சி முடிஞ்சு கெடக்கு. வாங்கலாமா, ரொம்பப் பழைய வண்டிக்குத் தர்ற வின்டேஜ் நம்பர் கெடைக்குமா, கேஸ்ல ஓட எல்பிஜி கிட் போடலாமான்னு கேக்குறார்.

வாங்கலாம் சார். ஆனா உங்க கடுதாசியில முக்கால்வாசி இன்ஜினைப் பத்தியே இருக்கு, நான் அதை கடைசியாத்தான் பார்ப்பேன். 796 சிசி மூணு சிலிண்டர், 800 காருக்கும் அந்தக் காலத்துல இதே இன்ஜின்தான், நம்ம ஊர்ல பழைய மெக்கானிக் யாரா இருந்தாலும் கண்ணை மூடிக்கிட்டு பிரிச்சு மாட்டுவாங்க. பொகை வந்தா சிலிண்டரைக் கடைஞ்சு போர் வேலை பாத்துக்கலாம். பாடி அழுகிப்போனாலோ பேப்பர் சிக்கலானாலோ தான் வண்டி காயலான் கடைக்குப் போகும்.

வின்டேஜ் நம்பர் இப்போதைக்கு கெடைக்காது. 2021ல வந்த மத்திய விதிப்படி மொதல் பதிவு ஆகி 50 வருஷம் தாண்டியிருக்கணும், வண்டி ஒரிஜினலா இருக்கணும், அப்பதான் விஏ சீரிஸ் நம்பர். மாருதி வேன் வந்ததே 1984ல, அந்த மொதல் வண்டிக்கே 2034 ஆகணும். அதுவும் நல்லதுக்குத்தான், விஏ நம்பர் போட்டா தினசரி ஓட்ட விடமாட்டாங்க, கண்காட்சி, ரேலி, சர்வீஸ் மாதிரி காரியத்துக்கு மட்டும்தான். நீங்க பசங்களை சில்வர் பீச்சுக்கு கூட்டிட்டுப் போகணும்னுதானே வாங்குறீங்க.

பேப்பர் விஷயத்துக்கு வருவோம். சொந்த வண்டிக்கு ஆர்சி 15 வருஷம் செல்லும், அப்புறம் அஞ்சஞ்சு வருஷமா புதுப்பிக்கணும். ஓனர் அவர் பேர்லயே புதுச்சேரியில எஃப்சிக்கு (தகுதிச் சான்று) வண்டியைக் காட்டி புதுப்பிச்சு, அதுக்கப்புறம் என்ஓசி (ஆட்சேபணை இல்லைன்னு சான்று) எடுத்துத் தரட்டும், அதுவரைக்கும் அட்வான்ஸ் மட்டும் குடுங்க. 20 வருஷம் தாண்டின காருக்கு புதுப்பிக்கிற ஃபீஸை 2025 ஆகஸ்ட்ல பத்தாயிரமா ஏத்திட்டாங்க, அதை வெலையில கழிச்சுப் பேசுங்க. கடலூர்ல வெச்சு ஓட்டுறதுன்னா 12 மாசத்துக்குள்ள நம்பர் மாத்தி ஆகணும், டாக்ஸும் இங்க கட்டணும், எவ்வளவுன்னு ஆர்டிஓ ஆபீஸ்ல முன்கூட்டியே கேட்டுக்குங்க. பிஒய் நம்பர்லயே காலத்தை ஓட்டிடலாம்னு புரோக்கர் சொல்வார், கேக்காதீங்க. சேசிஸ் நம்பரை ஆர்சியோட எழுத்துக்கு எழுத்து ஒத்துப்பாருங்க, வெல்டிங் வெச்ச தடம் பக்கத்துல தெரிஞ்சா பேச்சை அங்கயே நிறுத்திடுங்க.

இப்போ பாடி. முத்தியால்பேட்டை, வைத்திக்குப்பம் பக்கமெல்லாம் உப்புக்காத்து, வெள்ளை பெயின்ட் பளபளன்னு இருந்தா எனக்கு சந்தேகம்தான் ஜாஸ்தியாகும். ஒரு சின்ன காந்தத்தை துணியில சுத்தி எடுத்துட்டுப் போங்க, சக்கர வளைவுக்கு மேல, கதவோட கீழ் விளிம்புல, மழைத்தண்ணி வடியிற ஓரத்துல வெச்சு வெச்சுப் பாருங்க, ஒட்டாம நழுவுற எடமெல்லாம் உள்ள பட்டி பூசியிருக்கான்னு அர்த்தம். ஸ்லைடிங் டோரை ஒரு கையால தள்ளுங்க, பாதியில தூக்கித் தூக்கித் தள்ளணும்னா ரோலர் தேஞ்சிருக்கும், அது பரவால்ல, ஆனா கீழ் ரெயில்ல துருப்பொடி உதிர்ந்தா டிங்கர் வேலை பெருசு. அப்புறம் டிரைவர் காலடி மேட்டை முழுசா தூக்கச் சொல்லுங்க. ஸ்க்ரூடிரைவர் பின்பக்கத்தால தட்டினா டங்குன்னு கேக்கணும், பொத்துன்னு கேட்டா தகடு போயாச்சு. ஓனர் "வேணாம் சார், கம் போட்டு ஒட்டியிருக்கு"ன்னு இழுத்தா கண்டிப்பா தூக்கிப் பாருங்க.

வெள்ளத்துல நின்ன வண்டியான்னும் பாக்கணும், 2015லயும் 2024 ஃபெஞ்சல்லயும் நம்ம பக்கம் எத்தனை வண்டி முங்கிச்சு. சீட் பெல்ட் இருந்தா அதை கடைசி வரைக்கும் இழுங்க, மேல சுத்தமா இருந்து அடியில சேத்துக்கறை கோடு போட்டிருந்தா ஒயரிங் எப்ப வேணா காலை வாரும்.

ஒண்ணு கேட்டா கோவிச்சுக்காதீங்க. அன்னிக்கு மாதிரி வீட்டையே அடைச்சுக்கிட்டு ஈசிஆர்ல பறக்காதீங்க. முன்னாடி பேனட் கெடையாது, முட்டினா மொதல்ல உங்க முழங்கால்தான், புது பாதுகாப்பு விதிக்கு தேறாதுன்னுதான் கம்பெனியே 2019ல இந்த வேனை, அதாவது ஆம்னியை, நிறுத்திச்சு. சீட்டுக்கு ஒரு ஆளு, எல்லாருக்கும் பெல்ட்டு, அறுபதுக்கு மேல வேணாம்.

எல்பிஜி எதுக்கு சார்? மாசம் நாலு தடவை எடுக்குற வண்டிக்கு கிட் காசே திரும்பாது, போட்டாலும் ஆர்சியில ஏத்தணும், சிலிண்டர் டெஸ்ட் இருக்கு. அந்தக் காசுல பெட்ரோல் ஓஸ் மொத்தமும், பம்ப் டயாஃப்ரமும், கார்புரேட்டர் கிட்டும் புதுசு போடுங்க, இப்போ பங்க்ல வர்ற இ20 பெட்ரோல்ல எத்தனால் இருக்கு, அந்தக் காலத்து ரப்பர் அதுல ஊறி வெடிப்பு விட்டு பெட்ரோல் கசியும், அதுவும் இந்த வண்டியில இன்ஜின் உங்க சீட்டுக்கு அடியிலயே இருக்கு. மாத்தின பழைய ஓஸையெல்லாம் கையில வாங்கிப் பாத்துட்டு மெக்கானிக்குக்கு காசு குடுங்க.