சென்னை – சிங்கப்பூர் விமானப் பயணம்: கேள்வி பதில்

கேள்வி: இரவு 11.30க்குச் சென்னையில் புறப்பட்டு, காலை 6.15க்குச் சிங்கப்பூரில் இறங்குவதாக டிக்கெட்டில் இருக்கிறது. ஆறே முக்கால் மணி நேரமா? அம்மாவுக்குச் சர்க்கரை நோய். அதனால் கவலையாக இருக்கிறது. (மதுரை)

பதில்: கவலை வேண்டாம். டிக்கெட்டில் அந்தந்த ஊரின் நேரத்தைத்தான் போடுவார்கள். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. அதைக் கழித்தால் நாலேகால் மணி நேரம்தான். அம்மாவின் மருந்தைக் கைப்பையிலேயே வையுங்கள். அன்றிரவு எப்போது சாப்பிட்டு எப்போது மருந்து எடுக்க வேண்டும் என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

கேள்வி: தூரம் 2,900 கி.மீ., வேகம் மணிக்கு 850 கி.மீ. என்றால் மூன்றரை மணி நேரத்துக்குள் போய்விட வேண்டுமே? (சேலம், கல்லூரி மாணவன்)

பதில்: நல்ல கணக்கு, தம்பி. ஆனால் 850 என்பது உச்சியில் சீராகப் பறக்கும்போது உள்ள வேகம். ஏறும்போதும் இறங்கும்போதும் அது குறைவு. அட்டவணை நேரமோ விமானம் நிற்குமிடத்திலிருந்து நகரும்போதே தொடங்கி, அங்கே போய் நிற்கும்போதுதான் முடிகிறது. ஓடுபாதைக்குக் காத்திருப்பதும் அதில் அடக்கம்.

காற்றையும் சேர்த்துக்கொள். தென்மேற்குப் பருவமழை மாதங்களில் தென்னிந்தியாவுக்கு மேலே, மிக உயரத்தில், கிழக்கிலிருந்து மேற்காகப் பெருங்காற்று ஓடுகிறது. இந்திய வானிலை அறிஞர் பி. கோடீஸ்வரம் 1950களில் ஆராய்ந்து உலகுக்குக் காட்டிய காற்று அது. அதன் மையம் ஏறத்தாழ 15 கி.மீ. உயரத்தில் இருந்தாலும், விமானம் பறக்கும் 11, 12 கி.மீ. உயரத்திலும் வலுவாகவே வீசும். ஜூலையில் சிங்கப்பூர் போகும்போது அது எதிர்காற்று, திரும்பும்போது பின்காற்று. நம் தலைக்கு மேலே ஓடும் இப்படியொரு காற்றைப் பள்ளிப் பாடத்தில் இன்னும் விரிவாகச் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.

கேள்வி: திருச்சி தெற்கே இருக்கிறது. அங்கிருந்து சிங்கப்பூர் இன்னும் பக்கம்தானே? (தஞ்சாவூர்)

பதில்: இல்லை, ஐயா. திருச்சி தெற்கே இருப்பதோடு மேற்கேயும் தள்ளி இருக்கிறது; சிங்கப்பூரோ நமக்குத் தென்கிழக்கே, அதிலும் கிழக்கே அதிகமாக விலகி இருக்கிறது. அதனால் திருச்சியிலிருந்து தூரம் சற்றுக் கூடி 3,000 கி.மீ.யை நெருங்குகிறது. விமானத்துக்கு அது சில நிமிடங்கள்தான். தஞ்சாவூர்க்காரர் அந்தச் சில நிமிடங்களுக்காகச் சென்னைக்கு பஸ் ஏற வேண்டியதில்லை. திருச்சியிலேயே ஏறுங்கள்.

கேள்வி: ஓர் இணையதளம் 1,570 மைல் என்கிறது, இன்னொன்று 1,810 மைல் என்கிறது. எது சரி? (கோவை)

பதில்: இரண்டும் சரி. முதலாவது கடல் மைல் (1.852 கி.மீ.), மற்றது சாதாரண மைல் (1.609 கி.மீ.).

கேள்வி: தாத்தா கப்பலில் போனாராம். எத்தனை நாள் ஆகியிருக்கும்? (நாகப்பட்டினம்)

பதில்: ஏறக்குறைய ஒரு வாரம். 'ரஜுலா', பிறகு 'சிதம்பரம்' ஆகிய கப்பல்கள் சென்னையிலிருந்து உங்கள் ஊர் வழியாகவே போயின. 1985இல் சிதம்பரம் கப்பலில் தீப்பிடித்ததோடு அந்தப் பயணிகள் போக்குவரத்து நின்றது. தாத்தா இருந்தால் எந்தக் கப்பல் என்று கேட்டு, இப்போதே எழுதி வையுங்கள்.

கேள்வி: காலை 6.15க்கு இறங்கி, 7 மணிக்கு மெல்போர்ன் விமானம் பிடிக்கலாமா? இரண்டும் தனித்தனி டிக்கெட். (சென்னை)

பதில்: கூடாது. பெட்டியை எடுத்து மீண்டும் ஒப்படைக்க வேண்டிவரும். அதற்குச் சிங்கப்பூர் விசாவும் தேவைப்படலாம். முதல் விமானம் தாமதமானால் அடுத்த டிக்கெட் வீண். ஒரே டிக்கெட்டாக எடுங்கள்.