ஓடுகிற வாட்சுக்கு எதற்கு சர்வீஸ்?

கேள்வி: தாத்தாவின் சாவி கொடுக்கிற கை வாட்ச் பல வருஷம் பெட்டிக்குள் கிடந்தது. சாவி கொடுத்ததும் ஓடுகிறது. அப்படியே தினமும் கட்டலாமா?

பதில்: வேண்டாம், முதலில் சர்வீஸ். பெட்டிக்குள் சும்மா கிடந்ததால் அதற்குப் பெரிய கெடுதல் இல்லை, எண்ணெய் வற்றிய பிறகும் ஓடவிட்டால்தான் ஆபத்து. பழைய வாட்ச்கள் பலவற்றில் பேலன்ஸ் வீல், அதாவது முன்னும் பின்னும் ஆடி நேரத்தை அளக்கிற சக்கரம், நொடிக்கு 5 தடவை அசையும், ஒரு நாளைக்குக் கணக்குப் போட்டால் 4,32,000 தடவை. இத்தனையையும் தாங்குகிற அச்சின் நுனி தலைமுடி கனம்தான் இருக்கும். அங்கே எண்ணெய் இல்லையென்றால் அழுக்கும் தேய்ந்த உலோகத் தூளும் சேர்ந்து அச்சை மெல்ல மெல்ல அரைத்துவிடும், வாட்சோ எதுவுமே நடக்காத மாதிரி டிக் டிக் என்று ஓடிக்கொண்டிருக்கும்.

பின்மூடியைத் திறந்து நாலு சொட்டு எண்ணெய் விட்டு மூடித் தருவதற்குப் பெயர் சர்வீஸ் இல்லை. ஒவ்வொரு சக்கரமாகக் கழற்றிக் கழுவி, இடத்துக்கு ஏற்ற எண்ணெய் வைக்க வேண்டும். பேலன்ஸுக்கு மெல்லிய எண்ணெய், சாவித் திருகுப் பகுதிக்குக் கிரீஸ், பேலட் ஃபோர்க்கின் (சக்கரங்களை ஒவ்வொரு டிக்காக நகரவிடுகிற சின்ன கவை) அச்சுக்குப் பொதுவாக எதுவுமே வைப்பதில்லை. கொடுப்பதற்கு முன் இதைக் கேட்டுப் பாருங்கள், பதிலிலேயே ஆள் எப்படி என்று தெரிந்துவிடும். டயலுக்குப் புதுப் பெயின்ட் அடித்துத் தருகிறேன் என்றால் மறுத்துவிடுங்கள், மங்கலாக இருந்தாலும் ஒரிஜினல்தான் அழகு, மதிப்பும் அதற்குத்தான்.

இன்னொன்று: சுமார் 1970-க்கு முந்தைய, இருட்டில் ஒளிரும் டயல் என்றால் அதில் ரேடியம் என்ற கதிரியக்கப் பொருள் இருக்கலாம். இப்போது ஒளிரவில்லையே என்று நினைக்காதீர்கள். மங்கிப்போனது பூச்சுதான், ரேடியம் பாதியாகக் குறையவே சுமார் 1,600 வருஷம் ஆகும். அந்தத் தூளை மூச்சில் இழுக்கக்கூடாது என்பதால் வீட்டில் திறந்து பார்க்கிற ஆசையை விட்டுவிடுங்கள், கடையிலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: நன்றாக ஓடிய வாட்ச் திடீரென்று நாளுக்குப் பத்து நிமிஷம் முந்துகிறது. ஏன்?

பதில்: காந்தம் ஏறியிருக்கும், பெரும்பாலும். பேலன்ஸ் வீலை ஆட்டுகிற மெல்லிய சுருளான ஹேர்ஸ்பிரிங்கின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் அதன் நீளம் குறைந்த மாதிரி ஆகி வாட்ச் வேகமெடுக்கும். ஸ்பீக்கர், கைப்பையின் காந்தப் பூட்டு, இதெல்லாம் போதும். பக்கத்தில் ஒரு திசைகாட்டியை வைத்துப் பாருங்கள், முள் ஆடினால் காந்தம் ஏறியிருக்க வாய்ப்பு அதிகம். காந்தம் எடுக்கிற கருவியில் சில நொடி வேலைதான், அதற்காக முழு சர்வீஸுக்குப் பணம் கொடுத்துவிடாதீர்கள்.

கேள்வி: சாவி அதிகமாகக் கொடுத்தால் ஸ்பிரிங் அறுந்துவிடுமா?

பதில்: இறுகி நிற்கிற இடத்தில் விட்டுவிட்டால் ஒன்றும் ஆகாது. முழுசாகச் சாவி கொடுத்தும் ஓடவில்லையென்றால் அது காய்ந்த எண்ணெயின் வேலை, பழி மட்டும் சாவி கொடுத்தவர் மேல் விழும். தினமும் காலையில், கையிலிருந்து கழற்றி வைத்துக்கொண்டு சாவி கொடுங்கள். கையில் கட்டியபடியே திருகினால் சாவித் திருகின் தண்டு கோணலாக இழுபடும். அப்புறம், பின்மூடியில் வாட்டர்புரூஃப் என்று எழுதியிருந்தாலும் நம்ப வேண்டாம், உள்ளே ரப்பர் வளையம் எப்போதோ காய்ந்திருக்கும்.