6.0 பவர் ஸ்ட்ரோக்குக்கு எந்த கேஜ் வாங்குவது?

கேள்வி: டெக்சாஸில் இருக்கிறேன். பழைய 2006 ஃபோர்டு எஃப்-250 பிக்கப் ஒன்று வாங்கியிருக்கிறேன், 6.0 லிட்டர் பவர் ஸ்ட்ரோக் டீசல் இன்ஜின். கேம்பிங் டிரெய்லரை மாட்டிக்கொண்டு கொலராடோ மலைப்பக்கம் போக எண்ணம். பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம்), எக்ஸாஸ்ட் வெப்பம், டிரான்ஸ்மிஷன் வெப்பம் என்று மூன்று கேஜும், முன்கண்ணாடி ஓரத் தூணில் அவற்றைப் பொருத்தும் கூடும் சேர்த்து ஒரே செட்டாக விற்கிறார்கள். வாங்கலாமா? டேஷ்போர்டில் இருப்பதே போதாதா?

பதில்: டேஷ்போர்டில் இருப்பது போதாது. அதற்காக அந்த செட்டையும் வாங்கிவிடாதீர்கள்.

கம்பெனி கொடுத்த கூலன்ட் முள், இன்ஜின் சூடானதும் நடுவில் வந்து உட்கார்ந்துவிடும். அதற்குப் பிறகு வெப்பம் கணிசமாக ஏறினாலும் இறங்கினாலும் அசையாது. அப்படித்தான் செய்து வைத்திருக்கிறார்கள். ஆயில் பிரஷர் முள் இன்னும் மோசம். அதன் பின்னால் இருப்பது வெறும் சுவிட்ச். சில பி.எஸ்.ஐ அழுத்தம் வந்துவிட்டால் முள் நடுவுக்கு வரும், அவ்வளவுதான் அதன் வேலை.

மூன்று கேஜ் செட் பழைய வண்டிகளின் வழக்கம். 90-களில் வந்த 12 வால்வு 5.9 கம்மின்ஸ் டீசல் இன்ஜினில் டீசல் பம்ப் முழுக்க மெக்கானிக்கல். இன்ஜினை நடத்த கம்ப்யூட்டர் கிடையாது, கேட்டுத் தெரிந்துகொள்ளவும் ஆள் கிடையாது. பம்பை முறுக்கிவிட்டு டீசலைக் கூட்டியவர்களுக்குப் பிஸ்டன் உருகும் பயம் இருந்தது. அதனால் கேஜ் மாட்டினார்கள். உங்கள் வண்டிக்கு வரும் நோய் வேறு.

6.0-வின் பலவீனம் ஆயில் கூலர். இரண்டு சிலிண்டர் வரிசைக்கும் நடுவே, பள்ளத்தில் புதைந்து கிடக்கும். கூலன்ட்டில் சேரும் கசடு அதன் குறுகலான வழிகளை மெல்ல அடைத்துவிடும். கூலன்ட் அதைத் தாண்டித்தான் இ.ஜி.ஆர் கூலருக்கு, அதாவது இன்ஜினுக்கே திருப்பி அனுப்பும் எக்ஸாஸ்ட் புகையைக் குளிர்விக்கும் கூலருக்கு, போயாக வேண்டும். இங்கே அடைத்தால் அங்கே தண்ணீர் வற்றும், இ.ஜி.ஆர் கூலர் வெடிக்கும், கூலன்ட், காற்று நுழையும் இன்டேக்குக்குள் இறங்கும். கடைசியில் ஹெட் கேஸ்கெட் வரை செலவு வைத்துவிடும்.

இதை முன்கூட்டியே காட்டிக்கொடுப்பது ஒரு கழித்தல் கணக்கு. டிரெய்லர் இல்லாமல், சமதள நெடுஞ்சாலையில், 65 மைல் வேகத்தில் அரை மணி நேரம் ஓட்டுங்கள். ஆயில் வெப்பத்திலிருந்து கூலன்ட் வெப்பத்தைக் கழியுங்கள். கூலன்ட் 192 டிகிரி ஃபாரன்ஹீட், ஆயில் 201 என்றால் வித்தியாசம் 9, கவலை இல்லை. அதே 192-க்கு ஆயில் 214 என்றால் வித்தியாசம் 22, கூலர் அடைத்துவிட்டது. 15 என்பதைத்தான் இந்த இன்ஜினைப் பழகியவர்கள் எல்லைக்கோடாக வைத்திருக்கிறார்கள். இரண்டு நிலையிலும் டேஷ்போர்டு முள் ஒரே இடத்தில்தான் நிற்கும் என்பதைக் கவனியுங்கள்.

அடுத்தது எஃப்.ஐ.சி.எம் வோல்டேஜ். பேட்டரியின் 12 வோல்ட்டை ஏற்றி, இன்ஜெக்டர்களுக்கு 48 வோல்ட்டாகக் கொடுக்கும் பெட்டி அது. காலைக் குளிரில் சாவியைத் திருப்பும்போதும் ஸ்டார்ட் செய்யும்போதும் 45-க்குக் கீழே போகக்கூடாது. போனால் முதலில் இரண்டு பேட்டரியையும் சோதியுங்கள். பலவீனமான பேட்டரிதான் பல நேரம் இந்தப் பெட்டியைக் கெடுக்கிறது.

இந்த எண்கள் எல்லாம் வண்டியின் கம்ப்யூட்டரிலேயே இருக்கின்றன. ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள ஓ.பி.டி போர்ட்டில் (கம்ப்யூட்டரைப் படிக்கும் கருவியைச் செருகும் இடம்) செருகும் ஸ்கேன்கேஜ், எட்ஜ் இன்சைட் மாதிரி ஒரு கருவி போதும். ஆயில் வெப்பமும் எஃப்.ஐ.சி.எம் வோல்டேஜும் ஃபோர்டுக்கே உரிய குறியீடுகள். எல்லாக் கருவியும் படிக்காது, கேட்டு வாங்குங்கள். புளூடூத் அடாப்டரும் போனும் இருந்தால் மலிவாக முடியும். ஆனால் வெயிலில் போன் சூடாகி அணைவதும், நடுவழியில் இணைப்பு அறுவதும் மலையேறும்போது தேவையில்லாத தலைவலி. அப்புறம், பூஸ்ட்டும் டிரான்ஸ்மிஷன் வெப்பமும் இதே கருவியில் தெரியும். அதாவது அந்த செட்டில் மூன்றில் இரண்டு தண்டச் செலவு.

கம்ப்யூட்டருக்கே தெரியாத விஷயங்களுக்குத்தான் தனி கேஜ் வேண்டும். உங்கள் வண்டியில் அவை இரண்டு.

ஒன்று டீசல் அழுத்தம். கம்பெனி இதற்கு சென்சாரே வைக்கவில்லை. முழு ஆக்சிலரேட்டரில் மேடு ஏறும்போதும் 45 பி.எஸ்.ஐ-க்குக் கீழே இறங்கக்கூடாது; இறங்கினால் இன்ஜெக்டர்கள் ஒவ்வொன்றாகப் போகும், மொத்தம் எட்டு. அழுத்தம் குறைவாகக் காட்டினால் இரண்டு டீசல் ஃபில்டரையும் மாற்றிப் பாருங்கள். அப்படியும் ஏறவில்லை என்றால், டீசல் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டருக்கு, அழுத்தத்தை ஏற்ற 'புளூ ஸ்பிரிங்' என்று ஒரு கிட் கிடைக்கிறது. கேஜ் வாங்கும்போது 0 முதல் 100 பி.எஸ்.ஐ வரை காட்டும் எலக்ட்ரிக் வகையாக இருக்கட்டும். டீசல் குழாயையே கேபினுக்குள் இழுத்துவரும் மெக்கானிக்கல் கேஜை யாராவது இலவசமாகத் தந்தாலும் வேண்டாம்.

இன்னொன்று எக்ஸாஸ்ட் வெப்பம் காட்டும் பைரோமீட்டர். மலையில் டிரெய்லர் இழுப்பதால் உங்களுக்கு இது வேண்டும். இதன் முனையை டர்போவுக்கு முன்னால், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில்தான் பொருத்த வேண்டும். வேலை சுலபம் என்று சிலர் டர்போவுக்குப் பின்னால் வைத்துவிடுவார்கள். பளு ஏறும்போது அங்கே 200, 300 டிகிரி குறைவாகவே காட்டும். துளை போடும்போது இரும்புத்தூள் உள்ளே போனால் டர்போ பிளேடு காலி. டிரில் முனையில் கிரீஸ் தடவி, அடிக்கடி எடுத்துத் துடைத்து, காந்தத்தால் மிச்சத்தை இழுக்கும் மெக்கானிக்கிடம் மட்டும் கொடுங்கள். ஒயர் நீளம் போதவில்லை என்று சாதாரணச் செம்பு ஒயரை ஒட்டினால் அளவு தப்பாகும். அதே வகைத் தெர்மோகப்பிள் ஒயர்தான் வேண்டும்.

ஏற்றத்தில் 1250 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டி நிற்கவிடாதீர்கள். ஒரு கியர் குறைத்துக் காலைத் தளர்த்தினால் சில நொடியில் முள் இறங்கும். இதற்குத்தான் டிஜிட்டல் எண்ணைவிட முள் வசதி: படிக்க வேண்டியதில்லை, எந்தப் பக்கம் போகிறது என்று ஓரக்கண்ணிலேயே தெரியும்.

சரி, எதை முதலில் வாங்குவது? ஓ.பி.டி கருவி. அதை மாட்டி அந்த அரை மணி நேரச் சோதனையை முடித்துவிட்டு மற்றதற்கு வாருங்கள். வித்தியாசம் 15-ஐத் தாண்டினால் கேஜ்களைத் தள்ளிப்போட்டு, பணத்தை ஆயில் கூலருக்கு எடுத்து வையுங்கள். கூலரை மாற்றும்போதே இ.ஜி.ஆர் கூலரையும் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றியாக வேண்டும், அந்தக் கூலியை இரண்டு முறை கொடுக்க வேண்டாம்.