தேனீக் கொட்டுக்கு எனக்கு வீங்குவதில்லை, தடுப்பூசிக்குப் பிள்ளைக்கு ஏன் வீங்கியது?

கேள்வி: அருமனைப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் தேனீப் பெட்டிகள் வைத்திருக்கிறேன். ஒன்றரை மாதப் பிள்ளைக்கு ஊசி போட்ட அன்று இரவே காய்ச்சல். இடது தொடை தடித்துவிட்டது. எனக்கோ எத்தனை கொட்டு வாங்கினாலும் இப்போது வீக்கமே வருவதில்லை. பிள்ளைக்கு மருந்து ஒத்துக்கொள்ளவில்லையோ? அடுத்த ஊசி போடலாமா?

பதில்: தாராளமாகப் போடலாம். இடது தொடை என்றால் அது பென்டாவேலன்ட். தொண்டை அடைப்பான், ரணஜன்னி, கக்குவான் உட்பட ஐந்து நோய்களுக்கான ஒரே ஊசி. காய்ச்சலுக்குப் பெரும்பாலும் காரணம் அதிலுள்ள கக்குவான் பங்குதான். அந்தக் கிருமியை முழுசாகவே கொன்று சேர்த்திருக்கிறார்கள். செத்த கிருமிதான், ஆனால் அதன் தோலைப் பார்த்ததுமே நம் காவல் செல்கள் கூச்சல் போட்டுவிடும்.

தொடை தடிப்பதற்கு இன்னொரு ஆளும் உண்டு: அலுமினிய உப்பு. தொண்டை அடைப்பான் நச்சைச் செயலிழக்கச் செய்து தனியாகப் போட்டால் உடம்பு அவ்வளவாகக் கண்டுகொள்ளாது. 1926-இல் கிளென்னி என்பவர் அதோடு படிகாரம் சேர்த்துப் பார்த்தார். ஆமாம், சவரக்கடையில் தடவுவார்களே, அதேதான். எதிர்ப்புச் சக்தி நன்றாகக் கூடியது. இன்றும் அதன் உறவுக்கார உப்புகள்தான், மிகச் சிறிய அளவில். அவை ஊசி போட்ட இடத்தில் லேசான எரிச்சலை உண்டாக்கி, காவல் செல்களை அங்கே வரவழைக்கின்றன. நீங்கள் பார்த்த வீக்கம் அந்தக் கூட்டம்தான்.

உங்கள் கதை வேறு. அடிக்கடி கொட்டு வாங்கி வாங்கி, தேனீ விஷத்தைப் பொறுத்துக்கொள்ள உடம்பு பழகிவிட்டது. தடுப்பூசிக்கு அந்தப் பழக்கம் வேண்டாம், எதிர்க்கத்தான் வேண்டும். அதனால்தான் 6, 10, 14 வாரம் என்று இடைவெளி விடுகிறார்கள். அந்த நாலு வாரத்தில், கிருமியை ஞாபகம் வைத்துக்கொள்ளும் நினைவுச் செல்கள் தேறிக்கொள்ளும்.

காய்ச்சல் வந்த பிறகு, எடைக்கேற்ற அளவில் பாராசிட்டமால் சொட்டு போதும். ஊசிக்கு முன்பே கொடுக்காதீர்கள். தொடையைத் தேய்க்கவும் வேண்டாம்.

அலர்ஜி என்பது வேறு. கொட்டிய சில நிமிடத்தில் உடம்பெல்லாம் தடித்து, மூச்சுத் திணறுகிறவர்களை நீங்கள் பார்த்திருக்கலாம். ஊசியிலும் அது அப்படித்தான், சீக்கிரமே வரும், மிக அபூர்வம். அதற்காகத்தான் அரை மணி நேரம் உட்காரச் சொல்கிறார்கள். பிள்ளை மூன்று மணி நேரத்துக்கு மேல் விடாமல் அழுதிருந்தாலோ, வலிப்பு வந்திருந்தாலோ, அடுத்த ஊசிக்கு முன் டாக்டரிடம் அதைச் சொல்லிவிடுங்கள்.